“தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டுவிடுங்க, டாக்டர்”

சென்ற வாரம் தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 62 வயது ஆச்சி ஒருவரைக் காரின் பின்னிருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுத்துக்கொண்டிருந்தது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தபோது வாயிலிருந்து அளவுக்குமீறிக் கனிந்த பழத்தின் வாடை வீசியது. இடது புறங்கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்தன. விரல் நுனியில் குத்தி வைத்த சர்க்கரை மீட்டர் எண் எதையும் காட்டவில்லை; தன்னால் அளக்க முடியாத அளவு என்பதற்கு அடையாளமாக ‘ஹை’ என்று மட்டும் காட்டியது.

உடன் வந்த மகள் நடந்ததைச் சொன்னார். “ஆத்தாவுக்கு மூணு நாளா வாந்தியும் பேதியும், டாக்டர். ஒரு வாய்கூடச் சாப்பிடலை. சாப்பிடாதவங்களுக்கு எதுக்கு இன்சுலின்னு நிறுத்திட்டோம். தெம்பே இல்லைன்னாங்க, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குளுக்கோஸ் பவுடரைக் கரைச்சுக் கொடுத்தோம். நேத்து பக்கத்துல ஒரு இடத்துல ரெண்டு பாட்டில் குளுக்கோஸும் ஏத்தியாச்சு. அப்புறமும் ஏன் இப்படி ஆயிருச்சு?”

ஆடி பிறந்ததிலிருந்து இந்த நிலையில் நான் பார்க்கும் மூன்றாவது நோயாளி இவர். மூன்று வீடுகளிலும் அன்புக்குக் குறைவில்லை; மூன்று வீடுகளிலும் இன்சுலினை நிறுத்திவிட்டுக் குளுக்கோஸைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மகள் கேட்ட கேள்விக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபடி என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

குளுக்கோஸ் என்றால் தெம்பு என்று நம்மிடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. உண்மையில் உயிரணு எதுவும் குளுக்கோஸை நேரடியாகச் செலவழிப்பதில்லை. தசை சுருங்குவதற்கும், இதயம் துடிப்பதற்கும், நரம்பில் செய்தி ஓடுவதற்கும் செலவாகும் நாணயம் ஏடிபி என்ற வேறொரு மூலக்கூறு. அதை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டறிந்தார்; அதே காலத்தில் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து கண்டறிந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். எந்த நேரத்திலும் நம் உடலில் இருக்கும் ஏடிபி மொத்தமாகக் கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் செலவழிந்ததை மீண்டும் மீண்டும் புதுப்பித்து, ஒரு நாளைக்கு ஏறத்தாழ நம் உடல் எடைக்கு நிகரான ஏடிபியை உயிரணுக்கள் புழங்குகின்றன. இதில் நம் மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஓர் உயிரணு தான் செய்த ஏடிபியை இன்னோர் உயிரணுவுக்கு ரத்தத்தின் வழியே அனுப்பிவைக்க முடியாது. ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டியதைத் தானே, தனக்குள்ளேயே, அந்தந்த நொடியில் செய்துகொள்ள வேண்டும். ஆகவே தெம்பைப் பாட்டிலில் அடைத்து ஏற்றுவது யாராலும் ஆகாத காரியம். ஏற்றக்கூடியது அதற்கான மூலப்பொருளை மட்டுமே.

புதுவயல் அரிசி ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஆலையின் கதவு பூட்டிக் கிடக்கும்போது வெளியே சாலையில் எத்தனை லாரி நெல் வந்து நின்றாலும் ஒரு படி அரிசி கிடைக்காது, சாலைதான் அடைபடும். தசையிலும் கொழுப்பிலும் உள்ள உயிரணுக்களுக்கு அந்தக் கதவைத் திறப்பது இன்சுலின். கதவு திறந்து குளுக்கோஸ் உள்ளே போன பிறகு நடப்பவற்றைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: முதற்கட்டச் சிதைவில் ஒரு குளுக்கோஸுக்கு இரண்டே இரண்டு ஏடிபி தேறும், உயிரணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனோடு முழுவதும் எரிந்தால் மொத்தம் 30 அல்லது 32 வரை கிடைக்கும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான நம் சிக்ரியில் மின்கலங்களைப் பற்றி ஆராய்கிறார்களே, அதற்கு நெருங்கிய உறவுடைய வேலைதான் மைட்டோகாண்ட்ரியாவிலும் நடக்கிறது. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனைச் சேரும் வழியில், ஒரு மெல்லிய உறையின் ஒரு பக்கத்தில் புரோட்டான்கள் சேர்கின்றன. இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு மின்னழுத்தம் உண்டாகிறது. அந்தப் புரோட்டான்கள் திரும்பிப் பாயும் விசையில் சுழலும் ஒரு நொதி ஏடிபியைச் செய்கிறது. 1961இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி, என்னை மிகவும் வருத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன். “சாப்பிடவே இல்லை, பிறகு சர்க்கரை எங்கிருந்து ஏறும்?” என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். கல்லீரலிலிருந்து ஏறும். நாம் உண்ணாதபோது மூளைக்குக் குளுக்கோஸ் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கல்லீரல் தன் சேமிப்பைக் கரைத்தும், தசைப் புரதத்திலிருந்து புதிதாகச் செய்தும் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். “போதும், நிறுத்து” என்று கல்லீரலுக்குச் சொல்வதும் இன்சுலினே. அந்தச் சொல் வராவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை நிறைந்திருந்தாலும் உடல் பட்டினி கிடப்பதாகவே கல்லீரல் எடுத்துக்கொள்ளும். காய்ச்சலும் வாந்தியும் வந்த நாட்களில் உடலில் சுரக்கும் வேறு ஹார்மோன்கள் அதை இன்னும் முடுக்கிவிடும். ஆகவே ஒரு பருக்கை உண்ணாத நாளிலும் சர்க்கரை 400, 500 என்று ஏறும். நோயுற்ற நாளில் இன்சுலின் தேவை கூடுவதும் உண்டு. மூன்று வேளை உண்ணும் நாளைவிட உண்ணாமல் வாந்தி எடுக்கும் நாளில்தான் இந்த மருந்தை நிறுத்துவது ஆபத்து என்பதை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதோடு முடிவதில்லை. குளுக்கோஸ் உள்ளே வராத உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது, கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்கிறது, அவை பெரும்பாலும் அமிலங்கள். அந்த ஆச்சியின் வாயில் வீசிய வாடை கீட்டோன்களுள் ஒன்றான அசிட்டோனின் வாடை. மூச்சு அவ்வளவு வேகமாக வாங்கியது, ரத்தத்தில் ஏறிய அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற உடல் பட்ட பாடு. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரோடு நீரையும் உப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. கொழுப்புக் கரையாமல் தடுத்து வைக்கச் சிறிதளவு இன்சுலின் போதும். அந்தச் சிறிதளவையும் நிறுத்தியதால் வந்த வினை இது.

இந்த நிலையில் ஏற்றிய பாட்டிலின் கணக்கைப் பாருங்கள். நலமாக உள்ள ஒருவரின் ரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஐந்து சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம். உணவாகப் பார்த்தால் அது ஏறத்தாழ நூறு கலோரி, இரண்டு இட்லிக்கு நிகர். நலமாக உள்ளவருக்கு அதனால் பெரிய தெம்பு வரப்போவதில்லை. கதவு மூடிக் கிடக்கும் உடலுக்கோ அது ஏற்கெனவே அடைபட்டிருக்கும் சாலையில் மேலும் லாரிகளை அனுப்பும் வேலை. “பாட்டில் ஏத்தினா நல்லாத்தானே இருக்கு” என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நீர் வற்றியிருந்த உடலுக்கு நீர் கிடைத்ததாலும், அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்ததாலும் வந்த சுகம் அது. வாந்தி பேதிக்கு வேண்டியது அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம். அதிலும் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ஆனால் அது அங்கே தெம்புக்காகச் சேர்க்கப்படவில்லை, குடலின் சுவரைத் தாண்டி உப்பையும் நீரையும் உள்ளே அழைத்துச் செல்வதற்காகச் சேர்க்கப்பட்டது. கடையில் டப்பாவில் விற்கும் குளுக்கோஸ் பவுடர் ஓஆர்எஸ் ஆகாது.

குளுக்கோஸின்மேல் எனக்குப் பகையில்லை. அந்த ஆச்சிக்கு உப்புநீரும், ரத்தக்குழாய் வழியே இன்சுலினும், பொட்டாசியமும் கொடுத்து, சர்க்கரை 250க்கு இறங்கியபின் நாங்களே குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினோம். அமிலம் தீரும்வரை இன்சுலினை நிறுத்தாமல் கொடுக்க வேண்டியிருந்ததால், சர்க்கரை மிகவும் இறங்கிவிடாதபடி அதற்குத் துணையாக. நான்காம் நாள் காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து, தானே பிட்டு இட்லி சாப்பிட்டார்.

சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இந்தப் பாட்டில் தீங்கு செய்வதைப் பார்த்திருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உண்ணும் முதியவர்கள் சோர்ந்து, பேச்சுக் குழறி வருவார்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். உப்பில்லாத குளுக்கோஸ் நீரை அவர்களுக்கு ஏற்றினால் சர்க்கரை கரைந்துபோக நீர் மட்டும் மிஞ்சி, சோடியம் இன்னும் இறங்கி, வலிப்பு வரக்கூடும். நாள்தோறும் மது அருந்திச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தவர்களின் நிலை வேறு. குளுக்கோஸின் சிதைவு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் படியிலேயே தயமின் எனும் பி1 வைட்டமின் வேண்டும். உடலில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குமேல் தாங்காது. அது வற்றிக் கிடப்பவருக்கு வெறும் குளுக்கோஸை ஏற்றினால் எஞ்சியிருந்த தயமினும் தீர்ந்து, கண் அசைவு குலைந்து, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகக் கெடலாம். 1890களில் ஜாவாவில் தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகளுக்குக் கால்கள் விளங்காமல் போனதையும், தவிட்டோடு கூடிய அரிசி தின்றபோது அவை தேறியதையும் டச்சு மருத்துவர் எய்க்மான் கண்டதிலிருந்து, தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று நரம்பைக் காக்கிறது என்பது தெரிந்த செய்தி. நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும் நம் வழக்கம் தவிட்டிலுள்ள தயமினை அரிசிக்குள் இறக்கிவைக்கிறது. அதைக் கைவிட்டுப் பளபளக்கும் பச்சரிசிக்கு மாறும் வீடுகளைக் காணும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆகவே, வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், உண்ணவில்லை என்பதற்காக அதை முற்றிலும் நிறுத்தாதீர்கள். அளவை எவ்வளவு மாற்றுவது என்பதை நலமாக இருக்கும்போதே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டரில் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை உண்பவர்கள் வாந்தியோ பட்டினியோ வந்தால் அவற்றை நிறுத்திவைப்பது பற்றி உடனே கேளுங்கள். இவர்களுக்கு மீட்டர் பெரிதாக எதையும் காட்டாதபோதும் அமிலம் ஏறியிருக்கலாம். மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மட்டும், நினைவுடன் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உடனே கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாந்தியோடு மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாரக்கணக்கில் சோர்வு என்றால் பாட்டில் கேட்காமல் ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், இதயம் இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஊர்தோறும் பாட்டில் ஏற்றிக்கொடுக்கும் அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஊசி குத்துவதற்கு முன்பு அதே கையின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து மீட்டரில் வையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ‘ஹை’ என்று காட்டினால் குளுக்கோஸ் பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள்; கையில் உப்புநீர் பாட்டில் இருந்தால், அனுப்பப்போகும் மருத்துவமனையின் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, வண்டி வரும்வரை அதை ஏற்றுங்கள்.