மேசை புத்தகத்தைத் தள்ளுமா?

நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். நியூட்டனின் மூன்று விதிகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். நிறையை முடுக்கத்தால் பெருக்கி விடையும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடமே, மேசைமேல் கிடக்கும் புத்தகத்தின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று கேட்டுப் பாருங்கள். புவியீர்ப்பு என்பார்கள். மேசை? "அது சும்மாதான் சார் இருக்கு, விழாம தடுக்குது."

இந்தப் பதிலைத் தவறு என்று அடித்துவிட்டு நகரக் கூடாது. மரப்பலகை எப்படித் தள்ளும் என்ற சந்தேகம் நியாயமானது. இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் பாலம் மாதிரி வைத்து, அதன்மேல் ஜியோமெட்ரி பாக்ஸை வைக்கச் சொல்வேன். ஸ்கேல் வளையும். வளைந்தது நிமிரப் பார்க்கும், அதனால் பாக்ஸை மேலே தள்ளும். விரலால் அழுத்திப் பார்த்தால் அந்தத் தள்ளல் விரலிலேயே தெரியும். அப்புறம் ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைவு குறைந்துகொண்டே போகும், ஆனால் பாக்ஸை அதே விசைதான் தாங்குகிறது. மேசையும் வளைகிறது, நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அரை கிலோ புத்தகத்தைப் புவி சுமார் 5 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது, மேசை அதே 5 நியூட்டனோடு மேலே தள்ளுகிறது.

உடனே ஒரு மாணவர் "எந்த விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு, இதுதானே மூன்றாம் விதி!" என்பார். இல்லை. இந்த இரண்டு விசையும் புத்தகத்தின் மேலேயே செயல்படுகின்றன, மூன்றாம் விதி சொல்லும் ஜோடியோ வெவ்வேறு பொருள்களின் மேல் செயல்படுவது. புவி புத்தகத்தை இழுப்பதற்கு ஜோடி, புத்தகம் புவியை இழுப்பது. அதனால்தான் விசையைக் காட்டப் படத்தில் எந்த அம்புக்குறி போட்டாலும் பக்கத்தில் "எது, எதன்மேல்?" என்று எழுத வைக்கிறேன். எழுத முடியவில்லையா, அந்த விசை அங்கே இல்லை. மேலே எறிந்த பந்துக்குப் பலர் மேல்நோக்கி ஒரு அம்பு போட்டு 'கை கொடுத்த விசை' என்பார்கள். கைதான் பந்தை எப்போதோ விட்டுவிட்டதே! காற்றை விட்டுவிட்டால், பறக்கும் பந்தின்மேல் இருப்பது புவியின் இழுப்பு மட்டும்தான்.

இது நம் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனெஸும் சகாக்களும் 1992இல் கணக்கே இல்லாத ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள், எல்லாம் அன்றாடப் பொருள்களின் மேல் செயல்படும் விசையைப் பற்றிய எளிய கேள்விகள். ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களே இந்த மாதிரிக் கேள்விகளில் தடுமாறியதைப் பார்த்த அங்குள்ள பேராசிரியர் எரிக் மசூர் தான் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார்.

சரி, தேர்வைத் தாண்டி இதனால் என்ன? பஸ் பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறோமே, நம்மை முன்னால் தள்ளியது எது? எதுவுமில்லை. பஸ் வேகம் குறைந்துவிட்டது, நம் உடம்பு பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. இது புரியாததால்தான் காரின் முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் இறுக்கிப் பிடிச்சுக்குவேன்" என்று நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சுமார் 16.7 மீட்டர். கார் மோதி 0.1 நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையையும் அதே நேரத்தில் நிறுத்த ஏறக்குறைய 1,670 நியூட்டன் வேண்டும், அதாவது 170 கிலோ மூட்டையைத் தாங்கிப் பிடிக்கிற விசை. எந்த அம்மாவின் கையும் அதைத் தராது. ஆசிரியர்கள் இந்தக் கணக்கை வகுப்பிலேயே போட வைத்து, தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். குழந்தை இருக்கையைப் பின் சீட்டில் பொருத்தி பெல்ட் மாட்டுவது ஏன் என்று பிள்ளைகளே அப்பா அம்மாவுக்குச் சொல்லட்டும்.