கரண்டியை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த உருண்டைதான் நியூட்ரான் விண்மீன். அது சுழலச் சுழல, சுற்றுக்கு ஒன்றாக ரேடியோத் துடிப்பு நமக்கு வந்தால் அதைப் பல்சார் என்போம். அந்தப் பல்சார் தரவோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. கல்லூரிகளில் பேசப் போனால் முதல் கேள்வி எப்போதும் அந்தக் கரண்டிதான்: "சார், நியூட்ரான் விண்மீனில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் பல கோடி டன் எடை இருக்குமாமே?" கணக்கு சரி. சூரியனைவிடக் கூடுதலான பொருள் சுமார் 24 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக்குள் அடங்கினால் அப்படித்தான் வரும். ஆனால் அந்தக் கரண்டியை வெளியே எடுக்கவே முடியாது. நசுக்கிப் பிடித்திருக்கும் ஈர்ப்பு விலகினால் உள்ளே இருப்பது அந்தக் கணமே வெடித்துச் சிதறும். வாட்ஸப் ஃபார்வர்டுகள் இந்த எடையோடு நின்றுவிடுகின்றன என்பதுதான் என் குறை. இதைவிட விசித்திரம் அதன் சுழற்சியில் இருக்கிறது.

வேலா பல்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவு சுமார் ஆயிரம் ஒளியாண்டு. 89 மில்லிநொடிக்கு ஒரு சுற்று, அதாவது நொடிக்கு 11 தரம். ஆற்றலை இழந்துகொண்டே இருப்பதால் சுற்று நேரம் நாளொன்றுக்குச் சுமார் 11 நானோநொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோநொடி) கூடுகிறது. இவ்வளவு ஒழுங்காகத் தளர்ந்துகொண்டிருந்த பல்சார் 1969-இல் திடீரென வேகம் பிடித்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் இதைக் கண்டவர்கள் ரிச்சர்டு மான்செஸ்டரும், சி.வி. ராமனின் மகனான வி. ராதாகிருஷ்ணனும். கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் இன்னொரு குழுவும் கண்டது. சுற்று நேரம் சுமார் 200 நானோநொடி குறைந்திருந்தது. ஏறக்குறைய மூன்று வாரத் தளர்ச்சி ஒரே தாவலில் காணாமல் போயிற்று! இதைத்தான் நாங்கள் கிளிட்ச் என்கிறோம்.

மேலோடு விரிசல் விட்டு "விண்மீன் நடுக்கம்" வந்ததுதான் காரணம் என்று இன்றும் பல காணொளிகள் சொல்கின்றன. முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் வேலா ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை இப்படித் தாவுகிறது. இத்தனை பெரிய தாவல்களுக்கு மேலோட்டு விரிசல் மட்டும் கட்டுப்படியாகாது.

இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் வேறு. பச்சை முட்டையைச் சுழற்றிவிட்டு, ஒரு நொடி தொட்டு நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். மறுபடி சுற்றத் தொடங்கும். ஓடு நின்றாலும் உள்ளே கரு நிற்கவில்லை. நியூட்ரான் விண்மீனின் மேலோட்டுக்குள்ளும் உராய்வே இல்லாத மீப்பாய்மமாக நியூட்ரான்கள் இருக்கின்றன. மேலோடு தளர்ந்தாலும் அந்தப் பாய்மம் பழைய வேகத்திலேயே சுற்றுகிறது. அதிலுள்ள நுண்சுழல்கள் மேலோட்டின் அணுக்கருக்களில் மாட்டிக்கொண்டிருப்பவை. அவை கூட்டமாக விடுபடும்போது சேர்த்து வைத்த சுழற்சி ஓட்டுக்குப் போய்விடுகிறது. தாவலுக்குப் பிறகு விண்மீன் பழைய நிலைக்குத் திரும்ப நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆவதே மீப்பாய்மத்துக்கு முதல் சான்றாக இருந்தது. சாதாரணத் திரவமாக இருந்தால் அவ்வளவு இழுக்காது.

எனக்கு இன்றும் வியப்பான இடம் இதுதான். திரவ ஹீலியம் மீப்பாய்மமாக மாற வெறும் 2.17 கெல்வின் வரை, அதாவது சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் வரை குளிர வேண்டும். இங்கே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்திலேயே அது நடக்கிறது. அந்த அடர்த்தியில் அதுவே "குளிர்"!

2016 டிசம்பரில் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் தொலைநோக்கி வேலாவின் ஒரு கிளிட்ச்சை நடக்கும்போதே பதிவுசெய்தது. அந்த நேரத்தில் ஒரு துடிப்பு வரவே இல்லை.

சரி, இதையெல்லாம் எப்படி நம்புவது? மாணவர் யாராவது "புதுப் பல்சார் கிடைத்துவிட்டது" என்று ஓடி வந்தால் நான் முதலில் சுற்று நேரத்தைக் கேட்பேன். சரியாக 20 மில்லிநொடி என்றால் அது பெரும்பாலும் நம் வீட்டுக் கரண்ட்தான்; 50 ஹெர்ட்ஸ். அப்புறம், அலைவெண் வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். வழியில் உள்ள எலக்ட்ரான்கள் குறைந்த அலைவெண்ணை அதிகம் தாமதப்படுத்தும். வேலாவின் ஒரே துடிப்பு 500 மெகாஹெர்ட்ஸில் வந்து சுமார் 2 நொடி கழித்துத்தான் 300-இல் வரும். செல்போன், வண்டி எஞ்சின் இரைச்சலில் இந்தத் தாமதச் சாய்வு பொதுவாக இருக்காது.

"பொதுவாக" என்று சொல்லக் காரணம் உண்டு. அதே பார்க்ஸில் பல ஆண்டுகளாக இந்தச் சாய்வோடு சில சிக்னல்கள் வந்து குழப்பின. 2015-இல் மூலம் பிடிபட்டது: மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்.