ரெஸ்யூமேதான் கேள்வித்தாள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலை எனக்கு. நேர்காணலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் டிப்ளமோவோ பி.இ. மெக்கானிக்கலோ முடித்தவர்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவர்கள் நிறைய. கையில் விஷயம் இருந்தும் வேலை கிடைக்காமல் திரும்பிப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இன்டர்வியூ கேள்வி பதில்களை யூடியூப்பில் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். சொந்த ரெஸ்யூமேயை மட்டும் ஒருமுறைகூட உட்கார்ந்து படிப்பதில்லை.

மேஜைக்கு இந்தப் பக்கம் நடப்பது இதுதான். உற்பத்திப் பிரிவு இன்ஜினியர் ஷிஃப்ட் வேலைக்கு நடுவே வந்து உட்காருவார். கேள்வி எதுவும் தயாரித்துக்கொண்டு வந்திருக்க மாட்டார். உங்கள் தாளை வாங்கிப் பார்ப்பார், ஏதோ ஒரு வரியில் விரலை வைப்பார், அங்கிருந்து தொடங்குவார். ‘ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ்’ என்று எழுதியிருந்தால், கடைசியாக என்ன வரைந்தீர்கள் என்று கேட்பார். ‘இன்பிளான்ட் டிரெய்னிங்’ என்றிருந்தால், அந்தக் கம்பெனியில் என்ன பொருள் தயாரானது, எந்த மெஷினில் நின்றீர்கள் என்று கேட்பார். பதில் சொல்ல முடியாத வரி தாளில் இருக்கவே கூடாது. நண்பனின் ரெஸ்யூமேயை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

அதிகம் பேர் தடுமாறுவது புராஜெக்டில். காசு கொடுத்து வெளியில் வாங்கியதா, சொந்தமாகச் செய்ததா என்பது மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். எந்த மோட்டார் போட்டீர்கள், ஏன் அது, எத்தனை ஆர்.பி.எம்., மொத்தச் செலவு எவ்வளவு, எது சரியாக வேலை செய்யவில்லை? கடைசிக் கேள்விக்குத்தான் நாங்கள் காது கொடுப்போம். நிஜமாகச் செய்தவனுக்கு எங்கே இடறியது என்பது மறக்காது. நாலு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் என்றால் அப்படியே சொல்லுங்கள். “ஃப்ரேம் வெல்டிங்கும் செலவுக் கணக்கும் நான் பார்த்தேன் சார், புரோகிராம் இன்னொரு பையன் எழுதினான்” என்று ஒரு பையன் சொன்னால், அதன்பிறகு வெல்டிங்கைப் பற்றித்தான் பேச்சு போகும். தெரிந்த இடத்துக்குப் பேச்சை நீங்களே இழுத்துவரலாம்.

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது ஒரு புஷ்ஷையும் (நடுவில் துளை உள்ள சின்ன உருளைப் பாகம்) அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரையும் கையில் கொடுத்து, உள்விட்டம் எவ்வளவு என்று கேட்பது வழக்கம். லீஸ்ட் கவுண்ட், அதாவது அந்தக் கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எப்படி வந்தது என்றால் பலருக்கு வாய் திறக்காது. நகரும் வெர்னியர் ஸ்கேலின் 50 பிரிவுகள் மெயின் ஸ்கேலின் 49 மி.மீ. நீளத்தில் அடங்குகின்றன. அப்படியானால் ஒரு பிரிவு 0.98 மி.மீ.; மெயின் ஸ்கேலின் ஒரு பிரிவான 1 மி.மீ.யிலிருந்து அதைக் கழித்தால் 0.02. இவ்வளவுதான் கணக்கு. அளப்பதற்கு முன் புஷ்ஷைத் துடைத்து, காலிப்பரை முழுக்க மூடி ஜீரோ எரர் (மூடியபோது பூஜ்ஜியம் காட்டாத பிழை) இருக்கிறதா என்று பார்க்கிற பிள்ளையைக் கண்டால் இன்ஜினியரின் முகமே மாறிவிடும். முதலாம் ஆண்டு லேபில் படித்தது இது. நேர்காணலுக்கு முந்தின வாரம் பழைய ஜூனியர்களைப் பிடித்தாவது கல்லூரி லேபுக்குள் போய் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

ஆங்கிலப் பயம் தனி விஷயம். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும்தான். ஷாப் ஃப்ளோர் வேலைக்கு அவ்வளவு தேவையில்லை. கேட்பவரும் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்தான். தொடங்கும்போதே, “சார், டெக்னிக்கலாத் தமிழ்ல விளக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டதற்காக யாரையும் ஒதுக்குவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் செல்ஃப் இன்ட்ரோவை மட்டும் ஆங்கிலத்தில் நாலு வரி, உங்கள் சொந்த வார்த்தையில் தயார் செய்யுங்கள். “மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க்” என்ற வரியை ஒரே நாளில் இருபது பேரிடம் கேட்டபிறகு எங்கள் காதில் அது விழுவதே இல்லை. அரியர் இருந்ததா, ஒரு வருஷம் வீட்டில் இருந்தீர்களா, காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

சம்பளம் பற்றிக் கேட்டால் “அஸ் பெர் கம்பெனி நார்ம்ஸ்” என்று தலையாட்டிவிட்டு, முதல் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்துக் கலங்குகிறார்கள். மாதம் 20,000 என்றால் கைக்கு 20,000 வராது. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000, மீதி வீட்டு வாடகைப் படி என்று வையுங்கள். அந்த 12,000க்கு பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் போகும். மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், முழுத் தொகைக்கும் பிடித்தால் 150 ரூபாய். மிச்சம் 18,410. கேன்டீன், பஸ் கட்டணம் பிடித்தால் இன்னும் குறையும். சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்லும் தொகையில் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்.பும் அடங்கியிருக்கும். அதனால் “டேக் ஹோம் எவ்வளவு சார், பஸ் எந்த ரூட்ல வரும், நைட் ஷிஃப்ட் உண்டா?” என்று தயங்காமல் கேளுங்கள். இப்படிக் கேட்பவர்களை நாங்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வேலையில் சேரும் எண்ணத்தோடு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம்.

கடைசியாக ஒன்று. ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், ‘ரீஃபண்டபிள் டெபாசிட்’ என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பெரிய கம்பெனியின் லோகோவோடு ஆஃபர் லெட்டர் வாட்ஸ்அப்பில் வந்தால், அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசி விசாரியுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பணம் போய்விட்டது என்றால் வீட்டில் மறைக்காமல், அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.