மூக்கில் காசநோய்: ஒரு துணுக்குச் சதை, இரண்டு குப்பிகள்

காசநோய் என்றதும் இருமலும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான் நினைவுக்கு வரும். மூக்கிலும் டி.பி. வரும், அரிதாக. மூச்சோடு நுழையும் கிருமியைச் சளி பிடித்துக்கொள்கிறது. நுண்மயிர்கள் அந்தச் சளியை ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுகின்றன. இந்தக் காவலைத் தாண்டி ஒட்டிக்கொண்டால், கிருமி பெரும்பாலும் இரு நாசித் துளைகளையும் பிரிக்கும் மூக்குத்தண்டின் முன்பகுதியில், குருத்தெலும்பு உள்ள இடத்தில் குடியேறும். சைனஸில் வருவது அதைவிட அரிது.

மூக்கடைப்பு, காய்ந்த பொருக்கு, அதைப் பெயர்த்தால் ரத்தம். இவ்வளவுதான் அறிகுறி. காய்ச்சல் இல்லாமலும், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவும் இருக்கலாம். அதனால்தான் பலர் மாதக்கணக்கில் சைனஸ் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதற்குள் குருத்தெலும்பில் ஓட்டையே விழுந்துவிடலாம்.

எண்டோஸ்கோப்பியில் சிவந்த, முண்டு முண்டான சதை தெரியும். பார்த்த மாத்திரத்தில் முடிவு சொல்ல முடியாது. தொழுநோய், பூஞ்சை, புற்றுநோய்கூட இப்படித் தோன்றலாம். அதனால் ஒரு துணுக்கை வெட்டியெடுக்கிறார்கள். அதை இரண்டு குப்பிகளில் பிரித்துப் போடுவதுதான் இந்த நோயறிதலின் உயிர்நாடி என்பேன்.

ஒன்றில் ஃபார்மலின், அதாவது சதை அழுகாமல் காக்கும் திரவம். அதிலுள்ள சதையை நுண்ணோக்கியில் பார்த்தால், பாலாடைக்கட்டி போல் செத்துக் கிடக்கும் திசுவும், கருக்களை லாட வடிவில் அடுக்கிய ராட்சத செல்களும் தெரியும். வலுவான தடயம்தான், ஆனால் கிருமியையே பிடித்ததாகாது. மூக்குச் சதையில் கிருமிகள் மிகக் குறைவு. சாயமேற்றித் தேடினாலும் பல முறை அகப்படாது. வளர்த்துப் பார்க்கலாம் என்றால், ஃபார்மலின் கிருமியைக் கொன்றிருக்கும்.

அதற்குத்தான் வெறும் சலைன் (உப்பு நீர்) ஊற்றிய இரண்டாவது குப்பி. அதிலிருந்து ஜீன் எக்ஸ்பர்ட் கருவி சுமார் 2 மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைத் தேடி, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டி.பி. மருந்துக்கு அது கட்டுப்படுமா என்றும் சொல்லிவிடும். வளர்ப்புச் சோதனைக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம்.

மருந்து நுரையீரல் டி.பி.க்குக் கொடுப்பதேதான். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். பார்வை மங்கினாலோ கண்ணில் மஞ்சள் தட்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சில வாரங்களிலேயே அடைப்பு விலகத் தொடங்கும். அப்போது மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகப் பெருகும் கிருமிகள் இன்னும் உள்ளே இருக்கும். விழுந்த ஓட்டையை மருந்து மூடாது. அதற்கு அறுவைச் சிகிச்சை தேவையென்றால், நோய் முழுக்க ஆறிய பிறகுதான்.