ஷூட்டிங்குக்கு முந்தின நாள் அப்டேட் போடாதீர்கள்

"கேமராவுக்குப் புது அப்டேட் வந்திருக்கு, போட்டுடலாமா?" இந்தக் கேள்வியோடு வரும் போன்களில் பெரும்பாலானவை ஷூட்டிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வரும். என் பதில்: இன்றைக்கு வேண்டாம், வேலை முடிந்ததும் போடலாம். அப்டேட் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஆனால் சினிமா கேமராவின் ஃபர்ம்வேர், அதாவது கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், சும்மா ஒரு மெனுவை அழகாக்கிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சென்சாரிலிருந்து வரும் சிக்னலை எப்படிப் படிக்க வேண்டும், எவ்வளவு சுருக்க வேண்டும், எந்தக் கலர் கணக்கில் எழுத வேண்டும், கார்டில் எந்த அமைப்பில் போட வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. அங்கே ஒன்றை மாற்றினால் எடிட்டரின் மெஷினில் ஒன்று மாறும், படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கலரிஸ்டின் மானிட்டரில் இன்னொன்று மாறும். செட்டில் டி.ஐ.டி. வேலை, அதாவது கேமரா பதிவு செய்த ஃபைல்களையும் கலரையும் கவனிக்கிற வேலை, பார்க்கிறவனுக்கு அந்த மாற்றம் முழுக்க முதலில் வந்து விழுவது தன் லேப்டாப்பில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். சில அப்டேட்டுகள் கேமராவையே வேறு கேமராவாக்கிவிடும். சோனி வெனிஸ் 2017-ல் அறிமுகமானபோது அதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் இயல்பான ஒளியுணர்வு அளவு) 500 மட்டும்தான், 2500 என்ற இரண்டாவது அடிப்படை ஐ.எஸ்.ஓ. அடுத்த வருஷம் வெறும் மென்பொருளாக வந்து சேர்ந்தது. நிக்கான் இசட் 9-க்கு 2022 ஏப்ரலில் வந்த 2.00 ஃபர்ம்வேர், நொடிக்கு 60 ஃபிரேமில் 8கே ரா வீடியோவை (சென்சார் தரும் தகவலை அதிகம் பதப்படுத்தாமல் எழுதும் வீடியோ) கேமராவுக்குள்ளேயே பதிவு செய்யும் வசதியைக் கொடுத்தது. சோனி எஃப்.எக்ஸ் 3-க்கு சினி இ.ஐ. என்ற, சினிமா கேமராக்களின் பாணியில் எக்ஸ்போஷர் வைக்கும் முறை வந்ததும் அப்படித்தான். வாங்கின பொருள் வாங்கினதற்கு அப்புறம் மதிப்பு கூடுவது அபூர்வம், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் கொடுக்கிற கை எடுக்கவும் செய்யும். பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே-வுக்கு 2019-ல் 6.2 அப்டேட் வந்தது. பிளாக்மேஜிக் ரா உள்ளே வந்தது, அதுவரை இருந்த சினிமா டி.என்.ஜி. என்ற இன்னொரு ரா வகை வெளியே போனது. டி.என்.ஜி.யை நம்பியே பின்வேலை முழுவதையும் அமைத்து வைத்திருந்தவர்களுக்கு அது சின்ன விஷயமா? ரிலீஸ் நோட்டில் எல்லாம் எழுதித்தான் இருக்கும். நாம்தான் "புதிதாகச் சேர்ந்தவை" வரைக்கும் படித்துவிட்டு டவுன்லோட் பட்டனுக்குப் போய்விடுகிறோம். நீக்கப்பட்டவை என்ன, இந்தப் பதிப்பில் தெரிந்தே விட்டு வைத்திருக்கும் கோளாறுகள் என்ன என்பதெல்லாம் அதே காகிதத்தின் அடியில்தான் இருக்கும். நான் கீழேயிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.

கலர் விஷயம் இதைவிட நைசாகக் காலை வாரும். கேமரா நிறுவனங்கள் தங்கள் கலர் கணக்கை அவ்வப்போது திருத்துகிறார்கள். பிளாக்மேஜிக்கில் ஜென் 4 போய் ஜென் 5 வந்தது, ரெட் கேமராவில் ஐ.பி.பி. 2 என்ற புதிய கலர் கணக்கு வந்தது. ராவில் எடுத்தால் பெரிய சிக்கல் இல்லை, பிறகு எந்தத் தலைமுறைக் கணக்கில் விரிக்க வேண்டுமோ அதில் விரித்துக்கொள்ளலாம். புரோரெஸ் மாதிரி கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) லாக் வைத்து, அதாவது வெளிச்ச அளவுகளை ஒரு வளைவில் அடக்கி எடுத்தால், அந்த வளைவு ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். பழைய வளைவுக்குச் செய்த லட் (நிறங்களை மாற்றிக் காட்டும் அட்டவணை ஃபைல்) புதிய வளைவின் மேல் உட்காராது, முகத்தின் நிறம் கெடும், அல்லது நிழல் பகுதி பால் கலந்த மாதிரி வெளுத்துப்போகும்.

ஒரு நேர்காணல் வேலையில் இதை நேரில் பார்த்தேன். இரண்டு கேமரா, ஒரே மாடல், ஒன்று தயாரிப்பாளருடையது, மற்றது வாடகைக்கு வந்தது. ஐ.எஸ்.ஓ. ஒன்று, ஒயிட் பேலன்ஸ் ஒன்று, மெனுவில் லாக் என்று இருக்கும் பெயரும் ஒன்று. மானிட்டரில் பார்த்தவர்களுக்கு ஒரு கேமரா "கொஞ்சம் பளிச்சென்று" இருக்கிறது, அவ்வளவுதான்; லென்ஸைச் சந்தேகப்பட்டு லென்ஸை மாற்றிப் பார்த்தார்கள். டெஸ்ட் கிளிப் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, வெளிச்ச அளவைக் கோடாகக் காட்டும் வேவ்ஃபார்மில் சாம்பல் அட்டை ஒன்றில் நிற்க வேண்டிய கோட்டில் நின்றது, மற்றதில் விரல் கனம் தள்ளி நின்றது. கிளிப்போடு பதிவாகும் கேமரா விவரங்களான மெட்டாடேட்டாவைத் திறந்தால் ஃபர்ம்வேர் எண்கள் வேறு வேறு. வாடகைக் கேமராவில் யாரோ முந்தின வாரம் அப்டேட் போட்டிருக்கிறார்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப அங்கே நேரமில்லை, பேச வேண்டியவர் மேக்கப் முடிந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் ராவுக்கு மாற்றி எடுத்தோம், கலர் பிறகு சரிசெய்யப்பட்டது. ரா ஃபைல்கள்தான் கார்டைக் கணக்கை மீறித் தின்றன.

வாடகைக்குக் கேமரா எடுக்கும்போது பேட்டரி எத்தனை, கார்டு எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறோம். ஃபர்ம்வேர் பதிப்பு என்ன என்றும் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கேமரா இருந்தால் எல்லாம் ஒரே எண்ணில் இருக்கட்டும். அது கடைசியாக வந்த எண்ணாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

எடிட்டிங் பக்கம் சுருக்கமாக. புதிய ஃபர்ம்வேர் எழுதும் ரா ஃபைலைப் பழைய எடிட்டிங் மென்பொருள் திறக்காமல் போகலாம், அல்லது திறந்து தப்பாகக் காட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட்டின் நடுவில் எந்த எடிட்டரும் தன் மென்பொருளை மாற்ற ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. ஆகவே போடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன்.

அடுத்தது கார்டு. அப்டேட் புதிய ஃபிரேம் ரேட்டைத் திறந்துவிடும்போது எல்லோரும் மறந்துபோகிற கணக்கு இது. 4096க்கு 2160 என்ற அளவில் ஒரு ஃபிரேமில் சுமார் 88 லட்சம் பிக்சல். 12 பிட் ரா என்றால் பிக்சலுக்கு ஒன்றரை பைட், ஃபிரேமுக்கு ஏறக்குறைய 13.3 எம்.பி. நொடிக்கு 24 ஃபிரேம் போட்டால் 318 எம்.பி.; 5:1 சுருக்கத்தில் சுமார் 64 எம்.பி. வி 90 முத்திரை உள்ள எஸ்.டி. கார்டு நொடிக்குக் குறைந்தது 90 எம்.பி. எழுதும் என்பது உத்தரவாதம், ஆகவே தாங்கும். அதே சுருக்கத்தில் 60 ஃபிரேமுக்குப் போனால் 159 எம்.பி. வேண்டும். கார்டு அதேதான், கேமரா அதேதான், நேற்று வரைக்கும் ஒரு குறையும் சொல்லாத கார்டு இன்றைக்குப் பதிவைப் பாதியில் நிறுத்தும். உடனே "அப்டேட் கெடுத்துவிட்டது" என்பார்கள். கார்டின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம், எழுதும் வேகம் அதைவிடக் குறைவு. கேமரா நிறுவனம் வெளியிடும் அங்கீகரித்த கார்டு பட்டியலும் அப்டேட்டோடு மாறும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

சரி, போடுவது என்று முடிவாகிவிட்டது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழி. பிளாக்மேஜிக்கில் கம்ப்யூட்டரில் செட்டப் மென்பொருளை நிறுவி யூ.எஸ்.பி. கேபிள் வழியாகப் போட வேண்டும். ஆரி அலெக்ஸா மினிக்கு யூ.எஸ்.பி. ஸ்டிக். கேனன் சினிமா கேமராக்களுக்கு எஸ்.டி. கார்டு. ரெட்டில் பதிவு செய்கிற கார்டு வழியாகவே. வழி எதுவானாலும் ஃபைலை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், குழுவில் யாரோ அனுப்பிய லிங்க்கிலிருந்து வேண்டாம். மாடல் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்: பாக்கெட் 6கே, 6கே ஜி 2, 6கே புரோ மூன்றும் வேறு வேறு கேமராக்கள். நிறுவனம் செக்சம் எண் (ஃபைல் பழுதில்லாமல் இறங்கியதா என்று சரிபார்க்கும் எண்) கொடுத்திருந்தால் இறக்கின ஃபைலோடு ஒத்துப்பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

"கேமரா அப்டேட் ஃபைலையே கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது" என்று வருகிறவர்களிடம் கார்டை வாங்கிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே போட்டிருப்பார்கள். அல்லது இரண்டாவது தடவை டவுன்லோட் செய்ததால் கம்ப்யூட்டர் ஃபைல் பெயரின் வாலில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்திருக்கும். கேமரா தேடுவது ஒரு குறிப்பிட்ட பெயரை, அந்த வால் இருந்தால் அதற்கு அது வேறு ஃபைல். அல்லது ஃபைலைக் கார்டின் முதல் நிலையில் வைக்காமல் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் வைத்திருப்பார்கள். கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, ஃபைலை எடுத்துக் கையேடு சொல்கிற இடத்தில் வைத்து, கம்ப்யூட்டரிலிருந்து முறையாக இஜெக்ட் செய்து எடுத்தால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி இருக்காது.

மின்சாரம் பற்றி ஒரு சமரசமும் வேண்டாம். ஃபர்ம்வேர் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்படும்போது பாதியில் கரண்ட் போனால் கேமரா எழுந்திருக்கத் தேவையான நிரலே அரைகுறையாக நிற்கும். அடாப்டரில் போடுங்கள், பேட்டரியும் முழு சார்ஜில் மாட்டியிருக்கட்டும், இரண்டையும் கேமரா ஏற்றுக்கொள்ளுமானால். யூ.எஸ்.பி. வழி என்றால் ஹப் எதுவும் நடுவில் வேண்டாம், லேப்டாப் தூங்கப் போகாதபடி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகும், சில கேமராக்கள் தானாகவே அணைந்து மறுபடி எழும், விசிறி திடீரென்று முழு வேகத்தில் சுற்றும். பயந்துபோய் சுவிட்சைத் தொடுகிறவர்கள்தான் சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள்.

போடுவதற்கு முன் இன்னொன்று: மெனு செட்டிங்குகளையும் லட்டுகளையும் ஒரு கார்டில் எடுத்து வையுங்கள், மெனுப் பக்கங்களைப் போனில் படமும் எடுத்து வையுங்கள். படம் எதற்கு என்றால், பழைய பதிப்பில் சேமித்த செட்டிங் ஃபைலைப் புதிய பதிப்பு ஏற்காத சந்தர்ப்பங்கள் உண்டு. அப்போது கையால்தான் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும்.

போட்டு முடித்ததும் மெனுவில் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள், அங்கேதான் வேலை தொடங்குகிறது. ஃபேக்டரி ரீசெட் செய்து செட்டிங்குகளைப் புதிதாக வைப்பது நல்லது. ரெட் கேமராவில் பிளாக் ஷேடிங் (லென்ஸை மூடி சென்சாரின் கறுப்பு அளவைச் சரிசெய்வது) மறுபடி செய்ய வேண்டும், அதுவும் கேமரா வேலை செய்யும் சூட்டுக்கு வந்த பிறகு. பதிவு கார்டுகளைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அப்புறம் டெஸ்ட்: ஷூட்டிங்கில் பயன்படுத்தப்போகிற ஒவ்வொரு கோடெக்கிலும், ஒவ்வொரு ஃபிரேம் ரேட்டிலும் ஒரு கிளிப். அதில் ஒன்றாவது கார்டு நிரம்பும் வரை ஓட வேண்டும், ஏனென்றால் பத்து நொடி டெஸ்ட்டில் சூடும் தெரியாது, நடுவில் ஃபிரேம் பதிவாகாமல் விழுந்துபோவதும் தெரியாது. கை தட்டி ஒலியும் படமும் ஒட்டுகிறதா என்று ஆரம்பத்திலும் முடிவிலும் பாருங்கள். டைம்கோட் (ஒலியையும் படத்தையும் பொருத்த உதவும் நேரக் குறி), எஸ்.டி.ஐ. அவுட் (மானிட்டருக்கு வீடியோ போகும் இணைப்பு), ரிமோட் என்று கேமராவோடு மாட்டுகிற எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். வெளி ரெக்கார்டர் வைத்து ரா எடுப்பதாக இருந்தால் ரெக்கார்டரின் ஃபர்ம்வேரும் அதற்கு ஒத்து வர வேண்டும், ஒரு பக்கம் மட்டும் புதியதாக இருந்து பயனில்லை. கடைசியாக அந்தக் கிளிப்புகள் எடிட்டரின் மெஷினில் திறக்கப்பட வேண்டும். உங்கள் லேப்டாப்பில் திறந்தது கணக்கில் வராது.

வெளியார் எழுதிய மென்பொருள் பற்றியும் கேட்பார்கள். மேஜிக் லேன்டர்ன் 2009-ல் கேனன் 5டி மார்க் 2-வுக்காகத் தொடங்கியது, 2013-ல் அந்த வகைக் கேமராக்களிலிருந்து ரா வீடியோவையே வெளியே எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது குறிப்பிட்ட ஃபர்ம்வேர் எண்ணுக்கு மட்டும் எழுதப்பட்டது. கேமராவின் பதிப்பை மாற்றினால் அது ஓடாது. சொந்தக் கேமராவில் கற்றுக்கொள்ளலாம், அடுத்தவர் பணத்தில் நடக்கும் ஷூட்டிங்கில் வேண்டாம். பணம் கட்டித் திறக்க வேண்டிய வசதிக்கு உடைத்த லைசென்ஸ் ஃபைல் தருகிறேன் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். சிலவற்றில் பழைய ஃபைலைப் போட்டால் போதும், சிலவற்றில் கதவு ஒருவழிதான். நீண்ட நாள் அப்டேட் போடாத கேமரா என்றால் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாமல் நடுவில் ஒரு பதிப்பில் ஏறிப் போக வேண்டியும் இருக்கலாம். இரண்டுமே ரிலீஸ் நோட்டில் இருக்கும். ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பின் ஃபைலை ஒரு டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், தளத்தில் அது எப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் பாதியில் நின்றுவிட்டால், கையேட்டில் சொன்ன நேரத்தைப் போல இரண்டு மடங்கு காத்திருங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் மின்சாரத்தை முழுவதும் எடுத்து, சிறிது நேரம் விட்டு, அதே ஃபைலோடு மறுபடி முயலுங்கள்; பல கேமராக்களில் அப்டேட்டை மறுபடி ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு சிறு நிரல் தனியாகக் காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கும். அதற்கும் எழவில்லையா, சீரியல் எண், எந்தப் பதிப்பிலிருந்து எதற்குப் போனீர்கள், எந்த இடத்தில் நின்றது, விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று எழுதி, திரையைப் படமெடுத்து, சர்வீஸுக்கு அனுப்புங்கள். யாராவது ஸ்க்ரூ டிரைவரோடு வந்தால் கேமராவை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.