தொகுப்பு ஏலம்

சேர்ந்து இருந்தால்தான் முழுப்பயன் தரும் பொருள்களுக்கு, ‘இவை எல்லாம் சேர்த்து இந்த விலை’ என்று ஒரே கேள்வியாகக் கேட்க இடம் தருவது தொகுப்பு ஏலம். கிடைத்தால் மொத்தமாகக் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது, காசும் போகாது.

முதலில் ‘ஏலம்’. ஏலக்காய்க்கும் இதற்கும் உறவில்லை. போர்ச்சுகீசிய ‘லெய்லாவ்’ இங்கே ஏலமானது. மலையாளத்தில் ‘லேலம்’ என்றே நிற்கிறது. போர்ச்சுகீசியச் சொல்லுக்கும் மூலம் ‘அறிவிப்பு’ என்று பொருள்படும் அரபுச் சொல் என்பார்கள். ஏலம் விடுவது, எடுப்பது, ஏலம் போவது என்று தமிழ் வினைகளோடு ஒட்டிப்போன சொல்லை மாற்றத் தேவையில்லை. கேட்கும் தொகைக்குக் ‘கேள்வி’ என்ற அருமையான சொல்லும் இருக்கிறது.

பாபநாசம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துப் பருத்தி மறைமுக ஏலத்தில் லாட் லாட்டாக விலை எழுதிப் போடுவார்கள். ஒரு லாட் கைநழுவினால் அடுத்தது இருக்கிறது. நிலம் அப்படியில்லை. திருவாரூர்ப் பக்கம் கோயில் நஞ்சை இரண்டு துண்டு குத்தகை ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்துண்டில் போர்செட், கீழ்த்துண்டு கடைமடை. ஒரு விவசாயிக்கு மேல்துண்டு மட்டும் என்றால் 10,000 ரூபாய் பெறும், கீழ்த்துண்டு மட்டும் 6,000. சேர்ந்தால் 24,000. இரண்டும் கிடைக்கும் என்று நம்பி முதல் துண்டை 13,000க்கு எடுக்கிறார். அடுத்ததை வேறொருவர் 15,000 வரை ஏற்றிவிட்டால் கையில் 3,000 நஷ்டம். இதற்குப் பயந்து 10,000த்தோடு நிறுத்தினால், 11,000 மதிக்கிறவரும் 8,000 மதிக்கிறவரும் ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுபோவார்கள். ஒருவருக்கு 24,000 பெறும் நிலம், மொத்தம் 19,000 மட்டுமே மதிக்கிறவர்கள் கைக்குப் போகிறது. கோயிலுக்கும் வரவு குறையும். பொருளியலில் திறன் இழப்பு என்பது இதுதான்.

விமானங்கள் இறங்கவும் கிளம்பவும் விமான நிலையங்களில் நேரம் ஒதுக்குவதற்காக ராசென்டி, ஸ்மித், பல்ஃபின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1982இல் தொகுப்புக் கேள்வி முறையை வகுத்தார்கள். லண்டன் பேருந்துத் தடங்களையும் இப்படித்தான் விடுகிறார்கள்.

இதைக் ‘கூட்டு ஏலம்’ என்று எழுதுவது தவறு. கூட்டு என்றதும் ஆட்கள் சேர்ந்து பேசி விலையை அமுக்கும் சிண்டிகேட்தான் நினைவுக்கு வரும். இங்கே சேர்வது பொருள்கள்.

இதிலும் சிக்கல் உண்டு. மொத்தமாகக் கேட்பவரை முந்த, தனித்துண்டு கேட்கும் இருவரும் விலை ஏற்ற வேண்டும். ‘அவர் ஏற்றட்டுமே’ என்று இருவரும் காத்திருந்தே விட்டுவிடுவார்கள். அப்புறம் கணக்கு: 10 துண்டு என்றால் 1,023 விதமாகத் தொகுத்துக் கேட்கலாம். யார் யாருக்குக் கொடுத்தால் வரவு அதிகம் என்று பார்ப்பது எளிதல்ல.