தட்டுத் துளையில் படியும் மருந்துத் தூள்

பினாங்கின் செபராங் பிறையில் இனிப்புச் சோளம் விதைத்து முடித்த கையோடு, விதைக்கும் இயந்திரமான பிளாண்டரை மேலாகக் கழுவிக் கொட்டகையில் தள்ளிவிடுவதுண்டு. விதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் மீட்டரை யாரும் திறப்பதில்லை. அடுத்த முறை வரிசையில் ஓட்டை ஓட்டையாக முளைத்தால், பழி விதைமேல் விழும். முதலில் பார்க்க வேண்டியது மீட்டருக்குள் சுழலும் விதைத் தட்டின் துளையை.

காற்று உறிஞ்சும் மீட்டரில் தட்டின் ஒரு பக்கம் விதை. மறுபக்கம் விசிறி காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். துளைக்கு ஒரு விதை ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். கூடவே தொற்றிய இரண்டாவதைச் சீவுபட்டை தட்டிவிடும். உறிஞ்சல் நிற்கும் இடத்தில் விதை குழாய்க்குள் விழும். துளையின் பரப்பு எவ்வளவு பெரிதோ, பிடியும் அவ்வளவு பலம். 5 மி.மீ. துளையின் விளிம்பைச் சுற்றி அரை மி.மீ. தூள் படிந்தால் துளை 4 மி.மீ. ஆகிவிடும், பிடியில் 36 விழுக்காடு போயிற்று. அதிலும் இனிப்புச் சோள விதை சுருங்கிக் கோணலாக இருப்பதால் துளையை முழுதாக அடைக்காது. ஓரத்தில் காற்றுக் கசியும், மேலே வரும்போதே விதை நழுவும்.

படிவது விதைமேல் பூசிய பூச்சி, பூஞ்சண மருந்து. அதனால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். காற்றடித்து ஊதாதீர்கள், தூள் மூக்குக்குத்தான் போகும். ஈரத்துணியால் துடைத்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரச் சோப்புக் கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு துளையையும் தேய்க்க வேண்டும். கழுவிய நீர் வாய்க்காலுக்குப் போகக்கூடாது. ஆணியால் குத்தினால் விளிம்பு பிசிறாகிவிடும், பிறகு விதை ஒழுங்காக உட்காராது. பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கையும், காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் 'சீல்' வளையத்தையும் கெடுக்கும்.

நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் போதாது. காய்ந்த தட்டைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்துங்கள். ஆடினால் வளைந்துவிட்டது என்று பொருள், மாற்றத்தான் வேண்டும்.

தட்டை மீட்டரில் மாட்டியே வைக்காதீர்கள். மாதக்கணக்கில் அழுந்திய சீல் அந்த வடிவிலேயே நின்றுவிடும், பிறகு காற்றுக் கசியும். தட்டுகளைப் படுக்க வைத்து, மேலே கனம் ஏற்றாமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பெட்டியில் ஒரு விதைகூட மிஞ்சக்கூடாது. எலி விதைக்காக வந்து ரப்பர் குழாயையும் கடித்துவிடும். காற்று உறிஞ்சும் குழாயின் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். குளவி உள்ளே மண்கூடு கட்டினால் அந்த வரிசைக்கு மட்டும் உறிஞ்சல் இராது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

விதைக்குமுன் விசிறியை ஓடவிட்டு, 26 துளைத் தட்டை 10 சுற்றுச் சுற்றுங்கள். 260 விதை விழ வேண்டும். ஆனால் மொத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்: ஐந்து துளை வெறுமையாகவும் ஐந்து துளை இரட்டையாகவும் வந்தாலும் கணக்கு 260தான். தட்டையே பார்த்து இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். வெறுமை அதிகமென்றால் துளை, சீல், குழாய். இரட்டை அதிகமென்றால் சீவுபட்டை தள்ளி நிற்கிறது.